ஈறு நிறத்தில் ஒரு ரோந்துக் கப்பல்

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் என்ன வாங்கி வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆப்பிள், சாத்துக்குடி, ஹார்லிக்ஸ். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து நான் கருவடிக்குப்பத்து வீட்டுக்குத் திரும்பிய முதல் வாரத்தில், இந்த மூன்றும் ஒரு சின்னக் கடை போடும் அளவுக்குச் சேர்ந்துவிட்டன. எதிர்வீட்டுக் கப்பல்காரர் மட்டும் சட்டம் போட்ட ஒரு போட்டோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. போட்டோவை என் மடியில் வைத்தார்.

"போன வருஷம் கேட்டப்ப நேரமில்லன்னு சொன்ன. இப்ப நேரம் இருக்குல்ல?"

என் வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்ததால் அது சிரிப்பு என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

போட்டோவில் ஒரு சாம்பல் நிறக் கப்பல். பெரிய போர்க்கப்பல் எல்லாம் இல்லை. பிரெஞ்சுக் கடற்படையின் ரோந்துக் கப்பல், முன்பக்கம் ஒரே ஒரு பீரங்கி, நடுவில் மாடி போல ஓர் அறை, அதற்குமேல் கொடிக்கம்பம். புதுச்சேரியில் பிறந்து, மீசை முளைத்ததும் பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்து, வாழ்க்கையில் பாதியைத் தண்ணீர்மேல் கழித்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பி வந்தவர் அவர். பிரான்சுக்காக ராணுவத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவரை அப்படிச் சொன்னால் மூக்குக்குமேல் கோபம் வரும். "நான் சொல்தா இல்ல, மரீன்" என்பார், மாலுமி என்ற அர்த்தத்தில். அவருடைய முதல் கப்பல் அது. அதை எப்போதோ உடைத்துப் போட்டுவிட்டார்கள். பெரிய கப்பல்களுக்கெல்லாம் மாதிரி வடிவம் பெட்டியில் போட்டுக் கடையில் விற்கிறார்களாம், இவருடைய கப்பலுக்கு மட்டும் இல்லையாம். ஆகவே நான் செய்துதர வேண்டும். என்னை ஏன் கேட்கிறீர்கள் என்று முன்பு கேட்டபோது, "பல்லே செய்யுற, கப்பல் செய்யமாட்டியா?" என்றிருந்தார்.

நான் பல் செய்கிறவள். டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அச்சு அனுப்புவார்கள். அதை வைத்து மெழுகில் பல்லை அடுக்கி, ஈறு செதுக்கி, பிளாஸ்டிக்கில் வார்த்து, மோட்டாரில் வைத்துப் பாலிஷ் போட்டு, கட்டிக் கொடுத்து அனுப்புவது என் வேலை. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த காலத்திலிருந்து வீட்டின் முன்னறையில் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இந்த வேலையில் ஒரு விஷயம் உண்டு. வாய் எதையும் மன்னிக்காது. கண்ணுக்கே தெரியாத ஒரு மேடு இருந்தாலும் நாக்கு அங்கேயே போய் நிற்கும். அந்த மனிதருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அதனால் பாலிஷ் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு வலதுகை விரலால் தடவித்தான் பார்ப்பேன். அந்த விரல்தான் இப்போது செத்துக் கிடந்தது.

செத்தது என்றால் முழுதாக இல்லை. கொஞ்ச நாளில் கை தூக்க வந்தது, கரண்டி பிடிக்க வந்தது. ஆனால் நடுக்கம். விரல் நுனியில் கையுறை போட்டுக்கொண்டு தொடுவது மாதிரி ஒரு மந்தம். டாக்டர், "நடக்குறீங்க, பேசுறீங்க, சாப்புடுறீங்க, இதுக்குமேல என்னம்மா வேணும்?" என்றார். எனக்குப் பல் செய்யும் கை வேண்டும் என்றேன். அவர் வீட்டுக்காரரைப் பார்த்துப் புன்னகை செய்தார். எனக்கு வந்த கோபத்துக்கு மேசைமேல் இருந்த எதையாவது எடுத்து வீசியிருப்பேன், கைதான் சரியில்லை. எனக்கு அச்சு அனுப்பிக்கொண்டிருந்த கிளினிக்குகள் எல்லாம் "நல்லா ரெஸ்ட் எடுங்கக்கா" என்று அன்பாகச் சொல்லிவிட்டு வேறு லேபுக்கு மாறிவிட்டன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் என் வேலை என்னைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதைத் திரும்பப் பிடிக்க முடியுமா முடியாதா என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

கைப்பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். நல்ல பெண். பந்தைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அமுக்கினால் அமுங்கும், விட்டால் உப்பும், அதோடு சரி. அதில் தப்பு என்று ஒன்று இல்லை. தப்பு செய்ய இடமே இல்லாத வேலையில் கை எப்படிப் படியும்? அடுத்த நாள் காலை முன்னறையைத் திறக்கச் சொன்னேன். போட்டோவைச் சுவரில் மாட்டச் சொன்னேன். எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்: இடதுகை பிடித்துக்கொள்ள மட்டும். வெட்டுவது, செதுக்குவது, தேய்ப்பது எல்லாம் வலதுகைதான்.

வீட்டுக்காரர் பொதுப்பணித் துறையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பாலம், தண்ணீர்த்தொட்டி, பள்ளிக்கூடக் கட்டடம் என்று வாழ்நாளெல்லாம் கோடு போட்டவர். போட்டோவை வைத்துக்கொண்டு அளவு கணக்குப் பண்ணிக் கப்பலைப் பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று என வரைந்து கொடுத்தார். அவருக்குத் தெரியாத இடங்களைக் கப்பல்காரரிடம் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். "பத்ருய்யேர்ல அந்த எடத்துல கதவு கெடையாது" என்று கப்பல்காரர் அடித்துவிட்ட கோடுகளை இவர் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார். பத்ருய்யேர் என்றால் ரோந்துக் கப்பல். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை இருக்கும் நீளத்தில் கப்பல் காகிதத்தில் ஏறியது.

எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். முதலில் மெழுகில் செதுக்கினேன். பிறகு அதைச் சாந்தில் புதைத்து அச்சு எடுத்து, மெழுகை உருக்கிவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்டிக்கை அடைத்து வேகவைத்தேன். பல்செட்டுக்கான அச்சுப்பெட்டி சின்னது. அதனால் கப்பலைத் துண்டு துண்டாக வார்த்து ஒட்ட வேண்டியிருந்தது. என்னிடம் இருந்தது ஈறு செய்யும் பிளாஸ்டிக். ஆக, பிரெஞ்சுக் கடற்படையின் ரோந்துக் கப்பல் முதலில் ரோஜா நிறத்தில் பிறந்தது. கப்பல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க கொம்மாந்தான் பாத்தாருன்னா தண்ணில குதிச்சிருவாரு" என்றார். கொம்மாந்தான் என்றால் கப்பலின் தலைவர்.

இந்த இரண்டு பத்தியில் சொல்லிவிட்டதைச் செய்ய மழைக்காலம் போய்ப் பனியும் போனது. மெழுகுக் கத்தி கையிலிருந்து விழாத நாள் இல்லை. கம்பியை வளைக்கப் போனால் அது என்னை வளைத்தது. பீரங்கியை ஒட்டிவிட்டு நிமிர்ந்தால் புறங்கை பட்டுக் கொடிக்கம்பம் ஒடிந்திருக்கும். நான் என் வாழ்நாளில் பேசாத வார்த்தையெல்லாம் அந்த முன்னறையில் பேசினேன். ஜன்னலைச் சாத்திக்கொள் என்றார் வீட்டுக்காரர். சாத்திக்கொண்டு பேசினேன். ஆனால் பங்குனி வெயில் ஏறுகிற சமயத்தில் கத்தி விழுவது குறைந்திருந்தது. எனக்கே தெரிந்தது.

எனக்குப் பிடிக்காதது இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. பார்க்கிறவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். முதலில் செய்த கொடிக்கம்பம் குடித்தவன் மாதிரி சாய்ந்திருந்தது. நாத்தனார் அதைப் பார்த்து "சூப்பர் அண்ணி!" என்றாள். பெங்களூரில் இருக்கும் மகளுக்கு வீட்டுக்காரர் போட்டோ அனுப்பினால் உடனே கைதட்டல் படங்கள் வரிசையாக வந்து விழும். தண்ணீர்க் குவளையை வலதுகையால் தூக்கிக் குடித்தால்கூட வீட்டில் ஒரு சந்தோஷம். எல்.கே.ஜி. பிள்ளை 'அ' போட்டதுபோல என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். நான் ஊரில் நல்ல பேர் வாங்கின வேலைக்காரி. ஒரு பல் அரை நூல் திரும்பியிருந்தால் டாக்டர் திருப்பி அனுப்புவார். நானும் முணுமுணுத்துக்கொண்டே பிரித்துச் செய்வேன். அந்த மரியாதை போய்விட்டது. பாராட்டு வரவர எனக்குப் பயம் கூடியது. இவர்கள் எல்லோரும் என் கை இனிமேல் அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள் என்று தோன்றியது.

கப்பல் முடிந்தது. அறை, பீரங்கி, சின்னப் படகு, கம்பி வேலி எல்லாம் ஏறி, சாம்பல் வண்ணம் அடித்துக் காய்ந்து நின்றது. உடம்பைப் பாலிஷ் போட்டது நான் பல்செட்டுக்குப் போடுகிற மாதிரியே. துளி மேடு இல்லை, துளிப் பள்ளம் இல்லை. அதில் எனக்குக் கர்வம் என்றே சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் போய்க் கப்பல்காரரை அழைத்து வந்தார்.

அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளங்கையைக் கப்பலின் பக்கவாட்டில் வைத்து முன்னாலிருந்து பின்னால் வரை இழுத்தார். திரும்ப ஒருமுறை இழுத்தார்.

"மேல எல்லாம் நல்லாருக்கு. ஒடம்பு தப்பு."

"என்ன தப்பு?" என்றேன்.

"வழுவழுன்னு இருக்கு. பல்செட்டு மாதிரி. இது மரக்கப்பல், தெரியுமில்ல? மொதல்ல கண்ணிவெடி பொறுக்கறதுக்குக் கட்டுனது. இரும்பா இருந்தா கிட்ட போனாலே கண்ணிவெடி வெடிச்சிரும், அதுக்காக மரத்துல கட்டுனாங்க. அப்புறந்தான் ரோந்துக்கு வுட்டாங்க. பலகை பலகையா இருக்கும். எத்தன தடவ பெயிண்டு அடிச்சாலும் பலகைக்கு நடுவுல கோடு தெரியும். நான் கயித்துல தொங்கிக்கிட்டு பெயிண்டு அடிச்சவன். கண்ண கட்டிவுட்டாக்கூட சொல்லுவேன். இது என் கப்பல் இல்ல."

வீட்டுக்காரர் பொறுமையானவர். அன்றைக்கு அவருக்கே தாங்கவில்லை. "ஒடம்பு முடியாதவ இவ்ளோ பண்ணியிருக்கா. ஒரு வார்த்த நல்லதா சொல்லக்கூடாதா?"

"ஒடம்பு முடியலன்னா படுத்துக்கட்டும். கப்பல் எதுக்கு செய்யுறா?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. அந்த மனிதரை நாலு நாள் மனதுக்குள் வைத்துத் திட்டினேன். பாத்திரம் தேய்க்கும்போது திட்டினேன், துணி மடிக்கும்போது திட்டினேன். அப்படித் திட்டிக்கொண்டே இருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. நோய் வந்த பிறகு என் வேலையைப் பார்த்துத் தப்பு என்று சொன்ன முதல் ஆள் அவர். கிளினிக் டாக்டர் பல்லைத் திருப்பி அனுப்புவதுபோல என் கப்பலைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அது புரிந்ததும் எனக்கு அழுகையாக வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகைதான். அதோடு, அவர் சொன்னதும் சரி. மேடு பள்ளம் இல்லாமல் தேய்ப்பது வாய்க்குச் சரி, மரத்துக்குச் சரியில்லை. பல் செய்கிறவளைத் தவிர வேறு யாரும் ஒரு மரக்கப்பலை இப்படிக் கெடுத்திருக்க முடியாது.

வீட்டுக்காரரிடம் ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னேன். அரியாங்குப்பம் ஆற்றோரம் மீன்பிடி லாஞ்சுகளைக் கரையேற்றி வேலை பார்ப்பார்கள். மர லாஞ்சு இன்னும் சில உண்டு. அங்கே ஒருவர் பலகைச் சந்தில் பஞ்சை வைத்து உளியால் இறுக்கிக்கொண்டிருந்தார். தொட்டுப் பார்க்கலாமா என்றேன். விநோதமாகப் பார்த்துவிட்டு, "தொடும்மா" என்றார். பெயிண்ட் அடித்து முடித்திருந்த பக்கத்தில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு வலதுகையை வைத்தேன்.

ஒன்றும் தெரியவில்லை. இடதுகையை வைத்தேன். கோடு கோடாகத் தெரிந்தது. மறுபடி வலதுகை. சுவரைத் தொட்டாலும் ஒன்று, கப்பலைத் தொட்டாலும் ஒன்று.

நடுக்கத்தைக் குறைத்தாயிற்று, கத்தி பிடித்தாயிற்று, விரல் நுனி இன்னும் திரும்பவில்லை. இது இல்லாமல் பல் செய்ய முடியாது. "போலாமா?" என்றார் வீட்டுக்காரர். போகலாம், நாளைக்குத் திரும்ப வரலாம் என்றேன். போனோம். வாரத்தில் பல நாள் போனோம். அந்த உளிக்காரர் பிறகு என்னைப் பார்த்தால் தாமே நகர்ந்து இடம் விடுவார். முதலில் இடதுகையால் கோட்டைக் கண்டுபிடித்து, அதே இடத்தில் வலதுகையை வைத்து, இங்கேதான் இருக்கிறது, தெரிகிறதா பார் என்று விரலோடு பேசிக்கொண்டு நிற்பேன். ஆற்று நாற்றமும் டீசல் நாற்றமும் புடவையில் ஏறிவிடும். ஒருநாள் ஆள்காட்டி விரலில் லேசாக ஏதோ இடறியது. உண்மையா, நினைப்பா என்று சந்தேகம். அடுத்த தடவையும் அதே இடத்தில் இடறியது.

வீட்டில் கப்பலின் வண்ணத்தை எல்லாம் சுரண்டினேன். மறுபடியும் ரோஜா நிறம். இப்போது அதன்மேல் பலகைக் கோடுகளைக் கீற வேண்டும். முன்பக்கம் குறுகி, நடுவில் அகன்று, பின்பக்கம் மறுபடி குறுகும் உடம்பு. கோடும் அதன்கூடவே வளைந்து போக வேண்டும். வளையும் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை இடதுகையால் அழுத்திப் பிடித்து, அதன் ஓரமாக வலதுகையால் கூரான கத்தியை இழுப்பேன். பாதி தூரம் ஒழுங்காகப் போகும். அப்புறம் கை ஒரு துள்ளு துள்ளும். கோடு பட்டையை விட்டு இறங்கி எங்கேயோ ஓடும். அதை அடைத்துத் தேய்த்துவிட்டுத் திரும்பக் கீறுவேன். திரும்ப ஓடும். ஒரு கோடு சரியாக வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். அப்படி எத்தனையோ கோடு வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும்.

வெயில் காலம் முழுக்க இதிலேயே போனது. ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு நாத்தனாரோடு போய்விட்டு மதியம் திரும்பி வந்தேன். முன்னறை மேசையில் கப்பல் துணி போட்டு மூடியிருந்தது. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கல்யாணத்துக்கு அடுத்த வாரம் முதல் சேலை வாங்கிக்கொண்டு வந்து நின்றாரே, அதே முகம்.

துணியை எடுத்தேன். ஒரு பக்கம் முழுக்கக் கோடு போட்டு முடித்திருந்தார். முன்னாலிருந்து பின்னால் வரை, எல்லாம் ஒரே சீராக, ஒன்றுக்கொன்று இடைவெளி மாறாமல். எத்தனை அழகான கோடு! டிராஃப்ட்ஸ்மேன் கோடு. வாழ்நாளெல்லாம் கவர்ன்மெண்டுக்குப் போட்ட கோடுகளில் இவ்வளவு அன்பாக அவர் ஒன்றும் போட்டிருக்க மாட்டார். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், என் உடம்பெல்லாம் எரிந்தது.

"யாரு உங்கள தொடச் சொன்னது?"

"கஷ்டப்படுறியேன்னு..."

"கஷ்டப்படறதுக்குத்தான் ஒக்காந்திருக்கேன்."

"ஒரு பக்கந்தான் போட்டிருக்கேன். இன்னொரு பக்கம் நீ போடு. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும். அந்த மனுஷன் தடவுனா அவருக்கும் தெரியும்."

மோட்டாரைப் போட்டேன். தேய்க்கும் கல்லை மாட்டி, அவர் போட்ட கோடுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுத்தேன். ரோஜாத் தூள் மேசையெல்லாம் பறந்தது. அவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கோபித்துக்கொண்டு போயிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். போகவில்லை. கடைசிக் கோடும் போன பிறகு மோட்டாரை நிறுத்தினேன்.

"நீ பல்லு செய்யலன்னா என்ன இப்போ? பென்ஷன் வருது. உன்ன யாராவது ஒண்ணு சொல்றோமா?" என்றார். குரல் உடைந்திருந்தது.

"யாரும் ஒண்ணும் சொல்லமாட்டேங்கறீங்க. அதான்" என்றேன். "உங்களுக்கெல்லாம் நான் உயிரோட இருந்தா போதும். எனக்குப் போதாதுங்க."

இருவரும் அழுதோம் என்பதை மறைத்து எழுதுவானேன். பிறகு அவர் துடைப்பத்தை எடுத்துத் தூளைக் கூட்டினார். மறுநாள் நான் மேசையில் உட்கார்ந்ததும் அவரும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படிக்க உட்கார்ந்தார். "நான் பாக்கல. நீ செய்யி" என்றார். கத்தி விழும் சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். கழுத்து மட்டும் விறைக்கும். அப்படியே தினமும் உட்கார்ந்தார்.

ஒரு பக்கம் முடிந்தது. கப்பல்காரரைக் கூப்பிட்டேன். கண்ணாடியைக் கழற்றினார், தடவினார். "முன்னாடி மேலேருந்து மூணாவது, நாலாவது. ரெண்டும் ஒட்டிக்கிட்டுப் போவுது. பலகை அவ்ளோ ஒல்லியா இருக்காது." அடைத்துவிட்டுத் திரும்பக் கீறினேன். மறுபடி வந்தார். "பின்னாடி ஆழம் பத்தல." கீறினேன். இன்னொரு பக்கம் முடித்தேன். அதிலும் ஒரு கோட்டைப் பிடித்தார். இந்தச் சமயத்தில் ஒன்று நடந்தது. அவர் சொல்லுமுன்பே, எந்தக் கோட்டைச் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது. கூப்பிடுவதற்கு முன்னால் நானே கண்ணை மூடித் தடவிப் பார்த்து, தப்பைக் கண்டுபிடித்து, அவருக்குத் தீனி இல்லாமல் பண்ண வேண்டும் என்று வைராக்கியமாகிவிட்டது.

சாம்பல் வண்ணம் மறுபடி ஏறிக் காய்ந்த பிறகு கடைசியாகக் கூப்பிட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் கோடே தெரியாது. பக்கத்தில் வந்து, வெளிச்சம் சாய்வாகப் பட்டால் மட்டும் பலகை பலகையாகத் தெரியும். அவர் உள்ளங்கையை வைத்தார். முன்னாலிருந்து பின்னால். பின்னாலிருந்து முன்னால். மறுபக்கம் போய் அங்கேயும். கை பின்பக்கம் போய் நின்றது. எடுக்கவில்லை. வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த மனிதர். வந்ததிலிருந்தே வாய் திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துக் கப்பலுக்குப் பக்கத்தில் வைத்து விரித்தார். உள்ளே அவருடைய மேல்பல்செட். நடுவில் விரிசல் விட்டு, ஒரு பல் எகிறியிருந்தது.

"ரொட்டி கடிச்சேன், போயிடுச்சி" என்றார். பல் இல்லாததால் பேச்சு காற்றாக வந்தது. "டாக்டரம்மா புதுசு பண்ணணும்னுட்டாங்க. அளவு குடுத்துட்டேன். எந்த லேபுக்கு அனுப்பட்டும்னு கேட்டாங்க. இங்க அனுப்புங்கன்னுட்டேன். நாளைக்கு அச்சு வரும்."

"இவளுக்கா?" என்றார் வீட்டுக்காரர். வாய் தவறி வந்துவிட்டது, பாவம்.

"வேற யாருக்கு? கொற சொன்னா திருப்பி செய்யறா. எனக்கு அதான் வேணும்."

நான் பல்செட்டை எடுத்துத் திருப்பினேன். பிரான்சில் செய்தது. மேலண்ணத்தில் படும் பக்கத்தைப் பழக்கத்தில் விரலால் தடவினேன். ஓரமாக ஓர் இடத்தில் விரல் இடறியது. நுண்ணிய மேடு. கண்ணுக்குத் தெரியவில்லை. தடவிக்கொண்டிருந்தது வலதுகை என்பதை அப்புறம்தான் பார்த்தேன். திரும்ப அதே இடத்தில் வைத்தேன், திரும்ப இடறியது.

"மாமா, இங்க ஒரு மேடு இருக்கே, இத்தன வருஷமா குத்தலையா?"

"குத்துச்சி. சொன்னேன். அதெல்லாம் ஒண்ணுமில்லன்னுட்டாங்க."

நான் நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மெழுகு, கத்தி, விளக்கு எல்லாம் எங்கெங்கோ கிடந்தன. நாளைக்குள் ஒழுங்குபண்ண வேண்டும்.

"கப்பல எடுத்துக்கிட்டு கெளம்புங்க மாமா" என்றேன். "எனக்கு மேசை வேணும்."